டிரில்லிங் மெஷினில் மட்டும் கையுறையைக் கழற்றச் சொல்கிறார்களே, ஏன்?

மார்ச் 3, கேள்வி

பணிமனையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஷீட் தூக்கினால் கையுறை கட்டாயம், வெல்டிங்குக்கும் கட்டாயம். டிரில்லிங் மெஷின் பக்கம் போனால் மட்டும் "கழற்றுடா" என்று சத்தம் போடுகிறார்கள். சிப் (துளையிடும்போது வரும் உலோகச் சீவல்) சூடாகப் பறக்கிறது, விரலைக் கிழிக்கிறது. கையுறை இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. அப்படியே மாட்டினாலும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ள வேண்டியதுதானே? இது பழைய ஆட்களின் மூடநம்பிக்கை என்பது என் கட்சி. சரியான காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு, பதில்

மூடநம்பிக்கை இல்லை, கணக்கு.

10 மி.மீ. டிரில் பிட், 500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 500 சுற்று) என்று வையுங்கள். பிட்டின் சுற்றளவு 31 மி.மீ. சொச்சம். நொடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல் போகிறது. அப்படியானால் நொடிக்கு 26 செ.மீ. துணியை அது தன்மேல் சுற்றிக்கொள்ளும். "மாட்டிக்கிச்சு" என்று மூளைக்குத் தெரிந்து, அங்கிருந்து தசைக்கு உத்தரவு வந்து சேர, தயாராகக் காத்திருக்கிற ஆளுக்கே கால் நொடி பிடிக்கும். அந்தக் கால் நொடியில் ஆறரை செ.மீ. உள்ளே போயாகிவிட்டது. உங்கள் ஆள்காட்டி விரலை அளந்து பாருங்கள். 1000 ஆர்.பி.எம். என்றால் இதில் இரட்டிப்பு.

வேலையில் மூழ்கி இருப்பவர் காத்திருக்கிற ஆளும் இல்லை. அவருக்கு முக்கால் நொடிகூட ஆகலாம்.

சிப் கிழித்தால் பிளாஸ்திரி, மோசமானால் நாலு தையல். கையுறை சுற்றினால் விரல் போகும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சிப்புக்குப் பயமா? பிரஷ் வைத்துத் தள்ளுங்கள். துளையிடும் பீஸைக் (உலோகத் துண்டை) கையில் பிடிக்காமல் வைஸில் (மேசைப் பிடிப்பானில்) கட்டுங்கள். அப்புறம் கை அங்கே போகவே காரணம் இருக்காது.

மார்ச் 4

"கணக்கெல்லாம் சரி, கண்ணால் பார்த்ததுண்டா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாக வருபவர்களுக்கு நான் செய்துகாட்டுவதைச் சொல்கிறேன்.

பழைய பின்னல் கையுறை ஒன்று. விரல்களுக்குள் எலும்புக்குப் பதிலாக மெல்லிய மரக்குச்சிகள். மீதி இடத்தில் மரத்தூள். மணிக்கட்டுப் பக்கத்தை ஒரு நீளக் கழியின் நுனியில் லேசாகச் செருகிவைப்பேன், இழுத்தால் கழியிலிருந்து தானாகக் கழன்றுவிட வேண்டும். எல்லாரையும் பின்னால் நிறுத்திவிட்டு, ஓடுகிற பிட்டின் பக்கத்தில் கொண்டுபோவேன்.

முதலில் ஒன்றும் ஆகாது. பிட் கையுறையைத் தடவிக்கொண்டு ஓடும். ஒருவர் சிரிக்கக்கூடச் செய்வார். பிறகு நுனியில் ஒரு நூல் எழும்பும். அது எப்போது பிட்டின் வரிக்குள் (சுருள் பள்ளத்துக்குள்) போனது என்று யாருக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை. ஆள்காட்டி விரல் ஒருபக்கமாக முறுகி, கையுறை மொத்தமும் கழியை விட்டுப் பிடுங்கிக்கொண்டு பிட்டோடு சுற்றும். உள்ளே குச்சிகள் முறிகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். மேசையெல்லாம் மரத்தூள்.

ஆட்களின் முகம் மாறுவது குச்சி முறிகிற சத்தத்துக்கு அல்ல. மோட்டாரின் சத்தம் கொஞ்சமும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குத்தான்.

(வீட்டில் கையில் பிடித்துச் செய்துபார்க்க வேண்டாம். கழற்றக்கூடிய கழி என்பதுதான் இதில் முக்கியம்.)

மார்ச் 4, பிற்பகல்

நைட்ரில் கையுறை பற்றிக் கேட்டவருக்கு: மருத்துவமனையில் போடுகிற அந்த மெல்லிய வகை சீக்கிரம் கிழியும், அதனால் தடிமனான கையுறையைவிட ஆபத்து குறைவு என்பது உண்மை. கிழிவதற்கு முன்னால் எவ்வளவு இழுக்கும் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. இரண்டு ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அந்தக் குறைவும் போச்சு. கூலண்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் திரவம்) பட்டுத் தோல் அரிக்கிறதென்றால் அதற்கான கிரீமைப் பாருங்கள்.

பீஸை மெஷினில் ஏற்றும்போதும் இறக்கும்போதும், ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் தண்டு) நின்றிருக்கையில், கையுறை தாராளமாகப் போடலாம். சுற்றுகிற நேரத்துக்கு மட்டும்தான் தடை.

மார்ச் 6

நல்ல எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது. "டிரில் பிட்டில் வரி இருக்கிறது, அதனால் நூலைப் பிடிக்கிறது. வழவழப்பான ஷாஃப்ட் என்ன செய்யும்? எங்கள் பம்ப் ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மூடியே கிடையாது."

இந்த எண்ணம்தான் ரொம்பப் பேரைக் கெடுக்கிறது. பல்லும் கொக்கியும் இருந்தால் பயப்படுவோம், பயந்தால் தள்ளி நிற்போம். வழவழப்பாக, அமைதியாக, நின்றிருக்கிறதா ஓடுகிறதா என்றே தெரியாமல் சுற்றுகிற தண்டின் மேல் முழங்கையை ஊன்றக்கூட ஆள் இருக்கிறார்.

துறைமுகத்தில் பெரிய கப்பலின் வடத்தைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பம் வழவழப்புதான். சுற்றுத்தான் பிடிமானம். உராய்வுக் குணகம் 0.3 என்று எடுத்தால், ஒரு சுற்றுக்கு இழுவிசை ஆறரை மடங்கு ஆகிறது. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்றுக்கு 285 மடங்கு. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பெருக்குகிறது, கூட்டுவதில்லை.

இப்போது ஷாஃப்டுக்கு வாருங்கள். சட்டையின் ஓரத்தில் தொங்கும் ஒரு நாடா, எண்ணெய் ஈரத்தில் தண்டோடு ஒட்டுகிறது. நுனியில் 100 கிராம் அளவுக்குப் பிடிப்பு இருந்தாலே, மூன்று சுற்றில் மறுமுனையை 28 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். அதற்கு மேல் கணக்கே தேவையில்லை. துணி தன்மேல் தானே ஏறிச் சுற்றி நுனியை அடியில் போட்டு அமுக்கிவிடும், பிறகு வழுக்க வழியில்லை. 600 ஆர்.பி.எம். ஷாஃப்டில் மூன்று சுற்றுக்கு ஆகிற நேரம் 0.3 நொடி.

ஆகவே பம்ப் ஷாஃப்டுக்கு மூடி போடுங்கள். நாளைக்கு.

மார்ச் 7

"அப்போ சட்டையே போடாம வேலை செஞ்சா?" என்று கேட்ட புண்ணியவானுக்கு: வெல்டிங் பிரிவு பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு தடவை அந்தப் பக்கமாக நடந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

தாடி பற்றிக் கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்டிருக்கலாம், பதில் விளையாட்டு இல்லை. நெஞ்சைத் தொடுகிற தாடியோடு லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) மேல் குனிந்து மைக்ரோமீட்டர் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாடிக்கும் வலை உண்டு.

மார்ச் 9

"துணி கிழிந்துவிடும், இல்லாவிட்டால் மோட்டார் திணறி நின்றுவிடும், ஒரு ஹெச்பிதானே" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

மோட்டார் முதலில். ஒரு ஹெச்பி (குதிரைத்திறன்) என்பது 746 வாட். அதை புல்லி வைத்து 300 ஆர்.பி.எம்.முக்குக் குறைத்தால் முறுக்குவிசை சுமார் 24 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. ஷாஃப்டின் மேற்பரப்பில் அது 950 நியூட்டன், அதாவது நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான இழுவை. இது மோட்டார் சிரமப்படாமல் தொடர்ந்து கொடுக்கிற அளவு. திணறும்போது இதைவிட இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுத்தான் நிற்கும். ஓவர்லோடு ரிலே (சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) நொடிக்கணக்கில் யோசித்துத்தான் விழும், அதன் வேலை மோட்டாரைக் காப்பாற்றுவது, உங்களை அல்ல. லேத் சக்கின் (பீஸைக் கவ்விச் சுற்றும் பிடியின்) எடையில் சேர்ந்திருக்கிற சுழல் வேகம் வேறு தனிக் கணக்கு.

துணி கிழியுமா? நைந்துபோன பழைய பருத்திச் சட்டை கிழியலாம். அப்படிக் கிழிந்து, இடுப்பு பெல்ட்டும் காலரும் மட்டும் மிஞ்ச வெளியே வந்த ஒருவரை எனக்குத் தெரியும். விலா முழுக்கச் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் அதிலிருந்து தப்பான பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் கொடுக்கிற புது ஓவரால் பாலியெஸ்டர் கலந்தது, இரட்டைத் தையல் போட்டது. உழைக்கத்தான் அதை அப்படிச் செய்கிறார்கள். நல்ல துணி கிழியாது.

அதனால் துணி எவ்வளவு பலம் என்பதைவிட எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். கை, மணிக்கட்டில் பட்டனோடு இறுகி முடிய வேண்டும், இல்லையென்றால் முழங்கைக்கு மேல் மடித்திருக்க வேண்டும். மடிப்பு உள்பக்கமாக இருப்பது நல்லது, வெளிமடிப்பு ஒரு பை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கழுத்தில் கயிறு வைத்த ஸ்வெட்டர் வேண்டாம். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போடுங்கள். கழுத்தில் தொங்கவிட்டே ஆக வேண்டும் என்று மேலிடம் அடம்பிடித்தால், இழுத்தால் பிரிந்துவிடும் வகைப் பட்டை கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

மார்ச் 10

லேத்தில் எமரி (உப்புத்தாள் மாதிரியான தேய்ப்புத் துணி) போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இழையில் இருக்கிற பாதிப் பேர் இன்று காலைகூட அதைச் செய்திருப்பார்கள்.

பீஸ் சுற்றுகிறது. எமரித் துணியைப் பட்டையாகக் கிழித்து, பீஸின் மேல் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து மெருகேற்றுவது. முனையை நழுவாமல் பிடிக்க விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார்கள். அந்த ஒரு சுற்றுதான் வினை. எமரியின் ஒரு முனை பீஸுக்கும் பட்டைக்கும் நடுவில் மடிந்து போனால், மார்ச் 6இல் எழுதிய பெருக்கல் அப்படியே நடக்கும். எமரியின் பின்புறம் துணி, முன்புறம் பல். சாதாரணத் துணியைவிட மோசம்.

பக்கத்து மெஷினில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் முனையை விரலில் சுற்றவில்லை, வெறுமனே கிள்ளிப் பிடித்திருந்தார். பட்டை "சட்" என்று கையிலிருந்து போய்விட்டது. அவர் தன் விரல்களைப் பார்த்தார், பிறகு பீஸைப் பார்த்தார். பழுப்பு நிறப் பட்டை பீஸின் மேல் துளி சுருக்கமில்லாமல், கடையில் மடித்துக் கொடுத்ததுபோல, அத்தனை ஒழுங்காகச் சுற்றியிருந்தது. கட்டைவிரலில் மட்டும் தோல் உரிந்திருந்தது. மெஷினை நிறுத்தி, அதைப் பிரித்தெடுக்கப் பிளையர் வேண்டியிருந்தது.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ. இதற்கென்றே தனி வழிகாட்டி போட்டிருக்கிறது. கையால் எமரி போடவே வேண்டாத மாதிரி கடைசல் வேலையையே திட்டமிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் எமரியை ஒரு மரப்பட்டையின் மேலோ டூல் போஸ்டில் (லேத்தில் வெட்டும் உளியைப் பிடிக்கும் இடத்தில்) பிடித்த தாங்கியிலோ ஒட்டிப் பயன்படுத்தலாம். துளைக்கு உள்ளே விரலால் எமரி போடுவது? அதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை, யாரும் செய்யாதீர்கள்.

அரம் போடும்போது இடது கையால் பிடியைப் பிடிக்கப் பழகுங்கள். வலது கைப் பிடியில் இடது முழங்கை சக்கின் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் கோணலாக வரும், பழகிவிடும்.

மார்ச் 10, பின்குறிப்பு

சுருள் சிப்பைக் கையால் இழுக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வேண்டும்போல. மறுமுனை இன்னும் பீஸோடு இருக்கும். கொக்கி வைத்து இழுங்கள், விரல் நுழைகிற வளையம் இல்லாத கைப்பிடியாகப் பார்த்து. அதைவிட, சிப் உடைந்து விழுகிற மாதிரி ஃபீடைக் (ஒரு சுற்றுக்கு உளி நகரும் அளவை) கூட்டுங்கள், சிப் பிரேக்கர் (சிப்பை உடைக்கும் பள்ளம்) இருக்கிற இன்செர்ட் (வெட்டுமுனை) போடுங்கள். நீளச் சுருள் வராவிட்டால் கொக்கியும் வேண்டாம்.

மார்ச் 14

நான் மார்ச் 3இல் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர், "எங்கள் மெஷின் நிமிடத்துக்கு 20 சுற்றுதான், கை இழுக்க நேரம் இருக்கிறது, எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது" என்கிறார். அந்தக் கணக்கு இப்படியும் படிக்கப்படும் என்று அப்போது தோன்றவில்லை. சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வேகமான மெஷின் நேரம் தருவதில்லை. மெதுவான மெஷின் நேரம் தருகிறது, விடுவதில்லை. அதே ஒரு ஹெச்பியை கியர்பாக்ஸ் வைத்து 20 ஆர்.பி.எம்.முக்குக் குறைத்தால் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் (கியர்பாக்ஸில் போகிற இழப்பு தனி). நூறு கிலோ இழுவை என்று மேலே எழுதியது ஆயிரத்தைத் தாண்டிவிடும். பத்து நொடி கண்ணால் பார்த்துக்கொண்டே உள்ளே போவது நல்லதா என்று நீங்களே சொல்லுங்கள்.

மெதுவாக ஓடினால் ஆட்கள் மரியாதை தருவதில்லை என்பது அடுத்த சிக்கல். மிக்ஸர், கலக்கி, ஸ்க்ரூ கன்வேயர், பேப்பர் சுற்றும் உருளை, எல்லாமே "பாவம், மெதுவாத்தானே போகுது" வகை. ஓடிக்கொண்டிருக்கும்போதே துணியை வைத்துத் துடைப்பது இவற்றில்தான் நடக்கும். இன்வெர்ட்டர் டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வந்தபிறகு, டயலைத் திருகி மெதுவாக்கிவிட்டுச் சுத்தம் செய்வது ஒரு பாதுகாப்பு முறையாகவே சில இடங்களில் கற்றுத்தரப்படுகிறது. டிரைவ் வேகத்தைத்தான் குறைக்கும், பலத்தைக் குறைக்காது.

உருளையை ஓட்டித்தான் துடைக்க முடியும் என்கிற வேலையும் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு ஜாக் பட்டன்: அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும், விட்டால் நிற்கும். துடைக்கிறவர் கையிலேயே அந்தப் பட்டன் இருக்க வேண்டும். பட்டனை ஒருவரும் துணியை இன்னொருவரும் வைத்துக்கொண்டு "ம்… போதும்" என்று கத்திப் பேசிக்கொள்வது ஜாக் இல்லை. அப்புறம், உருளை உங்களை விட்டு விலகுகிற பக்கம் எது, உள்ளே இழுக்கிற பக்கம் எது என்று முதலில் பாருங்கள். இரண்டு உருளைகளின் ஒருபக்கம் விழுங்கும், மறுபக்கம் துப்பும். துடைப்பது எப்போதும் துப்புகிற பக்கத்தில். ஆனால் இயக்கம் திசை மாறக்கூடிய மெஷினில் இந்த ஞானம் செல்லாது.

மார்ச் 15

கரண்ட் போனது, மெஷின் நின்றது, சுற்றியிருந்த பிசிறை எடுக்கக் கை வைத்தார், கரண்ட் வந்தது. இப்படி ஒரு நிகழ்வை ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருந்தால் மின்சாரம் திரும்பினாலும் மெஷின் தானாக ஓடாது, பச்சைப் பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். வெறும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் போட்ட மேசை டிரில்களில் பெரும்பாலும் அது இருக்காது. சோதிப்பது சுலபம்: மெஷினை ஓடவிட்டு, மெயினை அணைத்து, மறுபடி போடுங்கள். தள்ளி நின்று.

மார்ச் 19

தலைமுடி பற்றித் தனியாக எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்கு.

ஒற்றை முடி ஏறத்தாழ 100 கிராம் தாங்கும். நூறு முடி சேர்ந்தால் பத்து கிலோ. ஆயிரம் சேர்ந்தால், முடி அறுவதற்கு முன்னால் தலைத்தோல் உரிந்து வரும். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், வேதியியல் ஆய்வகத்தின் பணிமனையில், இரவு நேரத்தில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர் முடி சிக்கி இறந்தார். பட்டம் வாங்கும் தருவாயில் இருந்தவர். அதில் எனக்கு உறைத்தது "தனியாக" என்பது. நிறுத்தும் பட்டன் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், முகம் மெஷினோடு ஒட்டிக்கிடக்கிற ஆளின் கை அதற்கு எட்டாது. இன்னொரு ஆள் அதே அறையில் இருக்க வேண்டும், அவருக்கு அந்த மெஷினை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னிப் போட்டால் போதும் என்பவர்களுக்கு: நிமிர்ந்து நிற்கும்போது பின்னல் முதுகில் இருக்கும். கீழே விழுந்த நட்டை எடுக்கக் குனியுங்கள், அது எங்கே வருகிறது என்று பாருங்கள். முடியைத் தூக்கிக் கட்டி, வலையோ தொப்பியோ போட்டு உள்ளே அடக்க வேண்டும். ஆண்களுக்கும் இதேதான்.

மூடி விஷயத்தில் ஒரு நுணுக்கம். வலைமூடிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 13857 என்று ஒரு தரநிலை இருக்கிறது. நீள இடைவெளி 20 மி.மீ. வரை இருந்தால், மூடிக்கும் ஆபத்தான பாகத்துக்கும் நடுவில் 120 மி.மீ. தூரம் விட வேண்டும். 20ஐத் தாண்டினால் ஒரேயடியாக 850 மி.மீ. விரல் மட்டும் போகிற இடைவெளிக்கும் முழுக்கை தோள்வரை போகிற இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் அது. நல்ல அட்டவணை, ஆனால் அது அளப்பது விரலையும் கையையும். முடிக்கும் நூலுக்கும் அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அதனால் முடி உயரத்தில் இருக்கிற ஷாஃப்டுக்குத் தகட்டு மூடிதான் போடச் சொல்வேன். வெப்பம் வெளியேற வலை வேண்டும் என்று ஃபிட்டர் சொல்வார். மேலே வலை, ஆள் பக்கம் தகடு என்று பேசி முடியுங்கள்.

மார்ச் 20

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். முடி, சால்வை என்று பேச்சு வந்ததால் நினைவு வந்தது: நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். திறந்த காரில் போகும்போது கழுத்தில் போட்டிருந்த நீளமான பட்டுச் சால்வை சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பணிமனைக்குப் போகாதவர்களுக்கு இதை விளக்க நான் எடுப்பது அந்த நிகழ்வைத்தான். பட்டு வழவழப்பானதுதான், சக்கரத்தில் கொக்கியும் கிடையாது.

சட்டமும் புதிதில்லை. பிரிட்டன் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே நெசவாலை இயந்திரத் தண்டுகளுக்கு அடைப்பு வைக்கச் சொன்னது, ஓடும் தண்டுகளைச் சிறுவர்கள் சுத்தம் செய்வதைத் தடுத்தது. ஒரே நீராவி எஞ்சினிலிருந்து கூரையடியில் நீளமாக ஓடும் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் இறங்கும் பெல்ட், அதுதான் அன்றைய ஆலை. ஒரு தறியில் ஆள் சிக்கினால் மொத்த ஆலையையும் நிறுத்த வேண்டும். இன்று மெஷினுக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு ஸ்விட்ச். அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

மார்ச் 26

டிராக்டர் வைத்திருப்பவர்கள் இங்கே இத்தனை பேர் இருப்பது தெரியாமல் போச்சு.

பி.டி.ஓ. ஷாஃப்டில் (டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் தண்டில்) 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. 70 மி.மீ. குழாய் நொடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுற்றும். 1000 ஆர்.பி.எம். பி.டி.ஓ.வில் கிட்டத்தட்ட நாலு மீட்டர். பின்னால் பல பத்து ஹெச்பி எஞ்சின், அதற்கு ஒரு ஆளின் எடை தெரியவே தெரியாது.

அதன் மேல் வருகிற பிளாஸ்டிக் குழாய் எதற்கென்று கேட்டிருந்தார்கள். அது ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல், பேரிங்கின் மேல் தனியாக நிற்க வேண்டும். சுற்றாமலிருக்க ஒரு சிறு சங்கிலியால் கட்டி வைப்பார்கள். எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சங்கிலியைக் கழற்றிக் குழாயைக் கையால் திருகிப் பாருங்கள். தனியாகச் சுற்றினால் சரி. ஷாஃப்டையும் இழுத்துக்கொண்டு சுற்றினால் அது மூடியே இல்லை, ஷாஃப்டின் விட்டத்தைப் பெரிதாக்கிய இன்னொரு ஷாஃப்ட். பார்த்த பிறகு சங்கிலியை மறுபடி மாட்டுங்கள்.

ஓடுகிற ஷாஃப்டைத் தாண்டிக் குதித்துப் போவதைப் பற்றி ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போனால் அரை நிமிடம் ஆகுமா?

ஏப்ரல் 2

"எமர்ஜென்சி ஸ்டாப் எதற்கு இருக்கிறது" என்று கேட்டு, அதிலேயே எல்லாம் தீர்ந்த மாதிரி ஒரு நீளப் பதிவு வந்திருக்கிறது. சிவப்புக் குமிழ் இருக்கட்டும், கட்டாயம் இருக்கட்டும். ஆனால் அது சிக்கிய பிறகு வருகிற வேலை. அழுத்தினால் மின்சாரம் போகும், சுற்று உடனே போகாது. பிரேக் இல்லாத பெரிய சக் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் லேத்தின் கால் பிரேக்கை ஒரு மிதி மிதித்துப் பார்ப்பது வழக்கம். சில லேத்கள் அதில் தோற்கின்றன.

ரிப்பேர் வேலைக்கு அந்தக் குமிழை நம்பவே கூடாது. யார் வேண்டுமானாலும் திருகி விடுவிக்கலாம். மெயினை அணை, பூட்டு, சாவி உன் பையில். இரண்டு பேர் உள்ளே வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகு ஒரு தடவை ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார், ஓடவில்லை என்று தெரிந்தால்தான் கை உள்ளே. தப்பான மெயினைப் பூட்டிவிட்டு வேலை தொடங்க இருந்ததை இந்தக் கடைசி அழுத்தல் காட்டிக்கொடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். மின்பெட்டியில் பெயர்ச்சீட்டு மாற்றி ஒட்டியிருந்தார்கள்.

இன்னொருவர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் கேட்டிருக்கிறீர்கள். ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள், முதலில் மெஷினை நிறுத்தி மெயினையும் அணையுங்கள். அவசர உதவிக்கு ஒருவர் பேசட்டும். சிக்கியவரின் எடையைத் தாங்கிப் பிடியுங்கள், துணியை வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். ரிவர்ஸ் போட்டு வெளியே எடுக்கலாம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும். மோட்டாரால் ரிவர்ஸ் ஓட்டினால் அதே பலத்தோடு இரண்டாவது தடவை நசுக்கும். விரல் துண்டாகியிருந்தால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக்கூடாது.

ஏப்ரல் 3

மோதிரம் விட்டுப்போச்சு. கழற்ற வராது என்பவர்களுக்குச் சோப்புத் தண்ணீர். அப்படியும் வராவிட்டால் நகை செய்பவரிடம் வெட்டிப் பெரிதாக்கலாம். மோதிரம் மாட்டி இழுபட்டால் தோலும் சதையும் உறை கழல்வதுபோல் வந்துவிடும், அதைத் திரும்ப ஒட்டவைப்பது அறுவை மருத்துவர்களுக்கே கடினமான வேலை. சிலிக்கோன் மோதிரம் அறுந்துவிடும் வகை, அது பரவாயில்லை. மெஷின் பக்கத்தில் அதுவும் எதற்கு என்பேன்.

ஏப்ரல் 11

பம்ப் ஷாஃப்ட்காரர் மூடி போட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். நல்ல மூடி, போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார், கிரீஸ் நிப்பிளைக் (கிரீஸ் அடிக்கும் வாயை) குழாய் வைத்து வெளியே கொண்டுவந்திருக்கிறார். இந்தக் குழாய் விஷயம் பெரியது. கிரீஸ் அடிக்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டிய மூடி மூன்றாவது வாரம் சுவரோரம் சாய்ந்து நிற்கும்.

ஒன்று மட்டும். மறுபக்கத்தில் ஷாஃப்டின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சாவிப் பள்ளத்தோடு (புல்லி நழுவாமலிருக்க ஆப்பு வைக்கும் பள்ளம்). அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் இதற்கு ஒரு அளவு உண்டு: வெளியே நீட்டும் நுனி வழவழப்பாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் நீட்டக் கூடாது, நீட்டினால் சுற்றாத தொப்பி போட வேண்டும். உங்களுடையது 40 மி.மீ. ஷாஃப்ட் என்றால் 20 மி.மீ. வரைதான். படத்தில் கைப்பிடி அளவுக்குத் தெரிகிறது. அறுத்துவிடலாம், இல்லையென்றால் ஒரு முனை அடைத்த குழாய்த் துண்டை பேரிங் ஹவுசிங்கில் போல்ட் செய்துவிடுங்கள். பக்கத்தில் ஆணியில் தொங்குகிற அந்தத் துடைக்கும் துணியையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.